கயிற்றுக் கூடை

ஞானாம்பாளின் கால் எலும்பு கூடுவதற்கு முன்பே போர்டில் பெயிண்ட் காய்ந்துவிட்டது. ‘பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இப்படிக்கு, தளக் கமிட்டி.’ வெள்ளைத் தகரத்தில் நீல எழுத்து. புங்கங்குப்பத்தில் தெருக்குழாய் உடைந்தால் மாற்றுவதற்கு ஆறு மாதம் ஆகும். இந்தப் போர்டு மட்டும் அவள் விழுந்த நாலாம் நாளே கேட்டில் ஏறிவிட்டது. கூடவே புதுப் பூட்டு ஒன்று.

மரக்காணத்துக்கு வடக்கே, உப்பளங்களுக்கு நடுவே போகிற மண் ரோட்டில் வண்டி குலுங்கக் குலுங்க வந்தால், கழுவெளி ஏரித் தண்ணீர் கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது அந்தத் தளம். அரசாங்கக் காகிதத்தில் மீன் இறங்குதளம். ஊர் வாயில் வெறும் தளம். கட்டின புதிதில் ஓரமெல்லாம் லாரி டயர் தொங்கவிட்டிருந்தார்கள், படகு வந்து இடித்தால் தாங்கிக்கொள்ள. புயலுக்கு நாலு டயர் என்று போய், இப்போது சங்கிலி மட்டும் தொங்குகிறது. ஓரத்துச் சிமெண்ட் பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுகிறது. கமிட்டிக்கு இதெல்லாம் தெரியாததில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் கமிட்டிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

படகு கரையை அணைகிற நேரத்தில் அதில் இருக்கிறவர்களுக்குக் கை ஒழியாது. ஒருவன் எஞ்சினில் இருப்பான், ஒருவன் கழியை ஊன்றுவான், மூன்றாமவன் கயிற்றை வீசுவான். கரையில் அதைப் பிடித்து இழுத்து இரும்புக் கட்டையில் சுற்றிக் கட்டுவது பெண்கள் வேலை. கயிறு பிடித்தவளுக்கு அந்தப் படகின் முதல் கூடை. ஏலத்துக்கு முன்னாலேயே அவள் நல்ல மீனாகப் பொறுக்கிக்கொள்ளலாம். ஏலத்தில் என்ன விலை படிகிறதோ அதே விலை. அதற்குப் பெயர் கயிற்றுக் கூடை. லாரி வைத்துக்கொண்டு வருகிற வியாபாரியோடு மல்லுக்கட்ட முடியாத தலைச்சுமைக்காரிக்கு நல்ல மீன் கிடைக்க இருந்த ஒரே வழி அதுதான். ஞானாம்பாள் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூடையை எடுத்துக்கொண்டுதான் பிரம்மதேசத்துக் குடியானவர் தெருக்களுக்கு மீன் போட்டாள். சங்கரா எந்த வீட்டுக்கு, நெத்திலி எந்த வீட்டுக்கு, எந்த வீட்டில் கிருத்திகைக்கு மீன் வாசனை ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கயிறு பிடிப்பதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கயிறு கைக்குள்ளே ஓட வேண்டும், கையைச் சுற்றக் கூடாது. பாவாடை கட்டின பெண்ணுக்கும் இது தெரியும். கையில் சுற்றினால் அலை படகை இழுக்கும்போது ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அப்படிச் சுற்றினவளுக்குத் தளத்தில் மரியாதை கிடையாது. ‘கையில கட்டிக்கினவ’ என்று சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஞானாம்பாள் கையில் கட்டிக்கொண்டாள். அதுதான் நடந்தது.

மாசி மாதம், கொண்டல் காற்று எழும்பி முகத்துவாரத்தில் அலை தூக்கிக்கொண்டிருந்த காலை. அவள் புருஷன் கன்னியப்பன் வேலை பார்க்கிற முருகையன் படகு வந்தது. கன்னியப்பன்தான் கயிறு வீசினான். அவள் பிடித்தாள். கட்டுவதற்கு அங்கே கட்டை இல்லை. மூன்றாம் கட்டையைப் பொங்கலுக்கு முன்பே ஒரு மீன் லாரி ரிவர்ஸில் வந்து பிடுங்கிப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்த இடத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து பின்னால் சாய்ந்து படகைப் பிடித்து நிறுத்துவார்கள். அன்று பக்கத்தில் யாரும் இல்லை. படகு விலகிப் போனது. அவள் யோசிக்கவில்லை, மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினாள். அடுத்த நொடி படகுக்கும் சுவருக்கும் நடுவே அவள் கால் இருந்தது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். எப்படிம்மா விழுந்தே என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒரே வார்த்தை சொன்னாள்.

“வழுக்கிடுச்சி.”

மானத்துக்குப் பயந்து சொன்ன வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கமிட்டி போர்டு எழுதியது. மீன் கழிவு, வழுக்கல், பெண்கள் கூட்டம், ஆபத்து, ஆகையால் பூட்டு.

பதினோராம் நாள் முருகையன் வீட்டுக்கு வந்தார். படகுக்காரர், கமிட்டித் தலைவர், வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆறு சாத்துக்குடி, சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னாம்மா ஞானம், வலி எப்டி இருக்குது?”

“இருக்குதுண்ணா. அதுக்கு வேற எங்க போக்கிடம்?”

“நாளன்னிக்கு மீன்துறை ஆபீஸ்லேர்ந்து விசாரணைக்கு வர்றாங்க. சும்மா ஒரு பார்மாலிட்டி. உனக்கு எதுக்கு அலைச்சல்னு நானே எழுதிக் கொண்டாந்துட்டேன். கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்.”

மகள் சத்யப்ரியா தாளை வாங்கினாள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். ஒரு நாளைக்கு இருபது மனு பார்க்கிற கண். உரக்கப் படித்தாள்.

“‘கன்னியப்பன் மனைவி ஞானாம்பாள் ஆகிய நான், மேற்படி தளத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லாத நிலையில் வேடிக்கை பார்க்கச் சென்று, மீன் கழிவில் வழுக்கி விழுந்தேன். இதற்கு யாரும் பொறுப்பல்ல. பெண்கள் தளத்தில் கூடுவது ஆபத்து என்பதை அனுபவத்தில் உணர்ந்தேன்.’” அவள் நிமிர்ந்தாள். “மாமா, எங்கம்மா மூணாங்கிளாஸு. இப்டில்லாம் அவங்களுக்கு உணர வராது.”

முருகையன் சிரித்தார். சிரித்தபடியே ஞானாம்பாள் பக்கம் குனிந்தார்.

“இத பாரு ஞானம், உன்ன மட்டும் நான் வுட்டுடுவேனா? கால் சரியானதும் போட்டோ ஒட்டி உனக்கு மட்டும் ஒரு பாஸ் போட்டுத் தர்றேன். நீ உள்ள வரலாம், போலாம். எவனும் கேக்க மாட்டான். மத்தவளுங்க கேட்டாண்ட வாங்கிக்கட்டும். கன்னியப்பனும் எத்தினி வருசமா நம்ம படகுல இருக்கான். நான் கெடுதல் நெனைப்பேனா?”

கன்னியப்பன் பேரை அவர் சொன்ன விதத்திலேயே எல்லாம் இருந்தது. கையெழுத்து விழாவிட்டால் படகில் இடம் இருக்காது. ஞானாம்பாள் அவ்வளவு மந்தமானவள் இல்லை. தாளை வைத்துவிட்டுப் போங்கண்ணா, பார்க்கிறேன் என்றாள்.

அவர் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டவில்லை, லட்சுமியம்மாள் உள்ளே நுழைந்தாள். அறுபது வயசு, தளத்துப் பெண்களில் மூத்தவள். அவள் மெதுவாகப் பேசினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். முந்தானையில் முடிந்திருந்த கிழங்கான் மீனைத் தட்டில் கொட்டினாள்.

“பாத்தியாடி இத? பாரு, நல்லா பாரு. கண்ணு உள்ள போயிடுச்சி, வயிறு வெடிச்சிடுச்சி. இதத்தான் கேட்டு கம்பி சந்துல கையை வுட்டு குடுக்கறான். உள்ளாற வஞ்சரமும் பாறையும் பொட்டி பொட்டியா லாரில ஏறுது. நாங்க நாப்பது பேரு வெளிய வெயில்ல உக்காந்துனு, சோறு கேக்கறவ மாரி கைய நீட்டிக்கினு இருக்கோம்.”

“கயிறு யாருக்கா புடிக்கிறா?”

“அத கேளு!” லட்சுமியம்மாளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. “லோடு ஏத்தற பசங்க ரெண்டு பேர வுட்ருக்கான். ஒருத்தன் கயித்த பாத்தா கண்ண மூடிக்கறான். நேத்து தமிழரசன் படகு சொவத்துல மோதி, பக்கவாட்டுல இந்த நீளத்துக்கு வெடிப்பு. பாதுகாப்பாம்! பாதுகாப்பு!” பிறகு குரல் இறங்கியது. “ஏ ஞானம், நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. சில பொண்டுங்க பேசுதுங்க, இவ வழுக்கினதால நமக்கு பூட்டுன்னு. நான் சொன்னேன், வழுக்கறது யாருக்கும் வழுக்கும்டி. அவ இன்னா கைல கட்டிக்கினாளா, அசிங்கப்படறதுக்குன்னு கேட்டேன்.”

ஞானாம்பாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். லட்சுமியம்மாள் மீனை அவளே கழுவி, அரிந்து, மஞ்சள் போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது கன்னியப்பன் குழம்பு வைத்தான். பொண்டாட்டி படுத்ததிலிருந்து சமையல் அவனுடையது. புளி எப்போதும் ஒரு படி தூக்கல். கடலில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு உப்பு மட்டும் கைக்குப் பிடிபடவே இல்லை. தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். தாள் ஜன்னலில் இருந்ததைப் பார்த்தான். பார்க்காத மாதிரி உட்கார்ந்தான்.

“கேக்கணும்னா கேளு,” என்றாள் அவள்.

“போட்ருவியா?”

“நீ இன்னா சொல்ற?”

“நான் இன்னாத்த சொல்றது? போட்டா தீந்துச்சி.”

“யாருக்கு தீருது?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “இத பாரு. நீ வழுக்கிட்டேன்னு சொன்ன. நானும் ஆமான்னு சொன்னேன். இப்ப மாத்தி சொன்னா நோண்டுவாங்க. கைல சுத்தினது வெளிய வந்துடும். அந்த லட்சுமியக்கா ஊருக்கே தண்டோரா போடும். உனக்கு வேணாமேன்னுதான்.”

“யோவ், என் மானத்த நான் பாத்துக்கறேன். நீ எதுக்கு பயப்படற, அத சொல்லு.”

கன்னியப்பன் கையை உதறிவிட்டு எழுந்தான். வாசல் வரை போனான், திரும்பி வந்தான்.

“அந்தப் படகுல எடம் போச்சின்னா எவன்டி குடுப்பான் எனக்கு? அம்பத்தி ரெண்டு வயசு. எல்லாவனும் ஒரிசாக்காரன், ஆந்திராக்காரன்னு சின்னப் பசங்களா ஏத்தறான். நீயும் படுத்துட்ட. இவ ஜெராக்ஸ் கடைல எத்தினி நாளிக்கி அடிப்பா?”

“கட்டை இல்லன்னு உனக்கு தெரியும் இல்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சிதான வீசின?”

அவன் தன் தட்டைத் தள்ளி வைத்தான். இருந்தாலும் அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வீசாமல் என்ன செய்வான்? அவளுக்குக் கோபம் வந்தது தன் மேல்தான். ஒரு நாக்கு, ஒரு வார்த்தை. நாலு பேர் சிரிக்கக் கூடாது என்று சொன்ன வார்த்தைக்கு நாற்பது பெண்கள் வெயிலில் உட்கார்ந்து அழுகின மீனுக்குக் கை நீட்டுகிறார்கள். அதை நினைக்க நினைக்க உடைந்த காலைவிட அந்த நாக்குத்தான் அதிகம் வலித்தது.

“குழம்புல புளி ஜாஸ்தி,” என்றாள். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னாள்.

விசாரணை நாளன்று காலை எட்டரைக்கு ஐஸ் வியாபாரி அப்துல் ஜலீல் பாய் தன் குட்டியானை வண்டியை வாசலில் நிறுத்தினார். ஷேர் ஆட்டோவில் ஞானாம்பாள் காலை நீட்ட முடியாது. முன் சீட்டிலும் முடியாது. பின்னால் ஐஸ் பெட்டிகளின் மேல் நாலு சாக்கை விரித்து, அதற்குமேல் ஒரு ஜமுக்காளம் போட்டு வைத்திருந்தார்.

“கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்மா. பொறுத்துக்கோங்க.”

“பாய், உங்களுக்கு எதுனா வம்பு வரப்போவுது.”

“நான் ஐஸ் ஏத்திக்கினு போறேன். ஐஸ் மேல நீங்க இருக்கீங்க. இதுல இன்னா வம்பு இருக்குது? அல்லா பாத்துப்பான்.”

சத்யப்ரியாவும் ஊன்றுகோலும் பின்னால் ஏறினார்கள். உப்பளங்களில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வாரும் பலகையை ஊன்றி நிமிர்ந்து, ஐஸ் மேல் மகாராணி மாதிரி போகிறவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். ஞானாம்பாளும் கையாட்டினாள். உடம்பு குளிரில் நடுங்கியது. பயத்திலும்தான், அதை மறைப்பானேன்.

கேட்டுக்கு வெளியே கமிட்டியின் தகரக் கொட்டகை. அதில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் சரவணகுமார் என்கிற அதிகாரி. வயசு முப்பது இருக்கும். பளபளவென்று புது ஷூ. நல்ல பிள்ளை மாதிரிதான் தெரிந்தான், ஆனால் நிமிடத்துக்கு ஒரு தரம் வாட்ச் பார்த்தான். பக்கத்தில் முருகையன். அவருக்குப் பின்னால், காலையில் மீன் இறக்கிவிட்டு வந்த படகு ஆட்கள், அவர்களில் கன்னியப்பன். கொட்டகையைச் சுற்றிக் கூடையும் கையுமாக நாற்பது பெண்கள்.

“உக்காருங்கம்மா. ஸ்டேட்மெண்ட் ரெடியா இருக்குன்னு தலைவர் சொன்னார்.” அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தான். “கையெழுத்து இல்லையே?”

“அதுல இருக்கறது நான் சொன்னது இல்ல சார்.”

“வழுக்கி விழுந்தேன்னு ஆஸ்பத்திரி ரெக்கார்டுலயே இருக்கும்மா.”

“பொய் சொன்னேன்.”

முருகையன் தொண்டையைச் செருமினார்.

“சார், அதுக்கு உடம்பு சரியில்ல. ஞானம், வேணாம்மா. நான் எதுவும் பேசக்கூடாதுன்னு பாக்கறேன். என் படகு ஆளுங்க கண்ணால பாத்திருக்காங்க, நீ இன்னா பண்ணேன்னு. நாலு பேர் எதுர்ல என் வாயால சொல்லவா? நல்லாவா இருக்கும் உனக்கு?”

அவர் அதைச் சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். இதற்குமேல் இவள் வாய் திறக்க மாட்டாள் என்கிற தைரியம் அவருக்கு. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தளத்தில் நின்றவளை அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஞானாம்பாள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ எதுக்குண்ணா சொல்லணும்? நானே சொல்றேன். கேட்டுக்குங்கடி எல்லாரும். நான் வழுக்கல. கயித்த கைல சுத்தினேன். ஒரு சுத்து. கைல கட்டிக்கினவ நான்தான்.”

பெண்கள் கூட்டத்தில் யாரோ ‘அய்யோ’ என்றாள். ஒருத்தி சிரித்தும்விட்டாள். லட்சுமியம்மாள் வாயில் கை வைத்தாள்.

“அடிப்பாவி! நீயாடி? உனுக்காடி தெரியாது?”

“தெரியும்க்கா. தெரிஞ்சேதான் சுத்தினேன். சிரிக்கறவங்க அப்பறமா சிரிங்க, நான் எங்கயும் ஓடிப்போவ மாட்டேன். சார், நான் சுத்தினது தப்பு. எழுதிக்கோங்க. ஏன் சுத்தினேன்? அங்க கட்டை இல்ல. மூணாம் கட்டை இருந்த எடத்துல பள்ளம்தான் இருக்குது. லாரி இடிச்சி புடுங்கி போட்டு ரெண்டு மாசம் ஆவுது. கமிட்டிகிட்ட எத்தினி வாட்டி சொன்னோம்? டயர் இல்ல. ஓரம் இல்ல. அத்தையும் எழுதிக்கோங்க. ரெண்டையும் சேத்து எழுதினா கையெழுத்து போடறேன்.”

“எந்தக் கட்டை?” முருகையன் குரலில் தேன் வற்றிவிட்டது. “அந்த எடத்துல கட்டையே கெடையாது சார். கட்னதுலேர்ந்து கெடையாது.”

அதிகாரி வாட்ச் பார்த்தான். “இப்ப இத எப்படிம்மா முடிவு பண்றது?”

“இன்னா சார் கேக்கறீங்க? நாப்பது தப்படி நடந்தா அந்த எடம். விழுந்த எடத்த பாக்காத ஒரு விசாரணையா?”

“பாதுகாப்பு கருதி உள்ள...”

“உங்கள நான் புடிச்சிக்கறேன் சார், வாங்க,” என்றாள் லட்சுமியம்மாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த இளைஞனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் எழுந்து, பூட்டைத் திறங்க என்றான்.

கேட் திறந்ததும் முதலில் போனது அதிகாரி. இரண்டாவது, ஊன்றுகோலோடு ஞானாம்பாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பெண்களும் போனார்கள். அவர்களை யார் கூப்பிட்டது என்று கேட்க முருகையன் திரும்புவதற்குள் பாதி தளம் நிறைந்துவிட்டது.

மூன்றாம் கட்டை இருந்த இடத்தில் பள்ளம் இல்லை. சிமெண்ட் பூசி, தரையோடு தரையாக மட்டம் பண்ணியிருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை, ஆனால் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்றுதான் சொல்லத் தோன்றும்.

“நான்தான் சொன்னேனே சார்,” என்றார் முருகையன். “ஓரம் பேந்து கெடந்துச்சின்னு நேத்து கொஞ்சம் பூசினோம். கட்டை இருந்தா அது எங்க போவும்? இரும்பு இன்னா பறந்தா பூடும்?”

மானத்தை அவிழ்த்து நாலு பேர் முன்னால் போட்டாகிவிட்டது. இப்போது பொய்க்காரி என்ற பேரும் சேர்ந்துகொள்ளப் போகிறது. அதிகாரி பேனாவை மூடினான். ஞானாம்பாள் கன்னியப்பனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று ஈரச் சிமெண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே தொம்மென்று ஒரு சத்தம். கன்னியப்பன் தளத்திலிருந்து முருகையன் படகில் குதித்திருந்தான். படகு ஆடியது. அவன் வலைக்குவியலை ஒதுக்கினான், தார்ப்பாயை விலக்கினான், முன்பக்கத்துக் குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் இறங்கிக் குனிந்தான்.

“டேய், இன்னாடா பண்ற?” என்றார் முருகையன்.

“சிலம்பு, ஒரு கை குட்றா,” என்றான் கன்னியப்பன், கூட வேலை பார்க்கிற சிலம்பரசனைப் பார்த்து. சிலம்பரசன் முதலாளியைப் பார்த்தான், தளத்துப் பெண்களைப் பார்த்தான், குதித்துவிட்டான். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கி, அலை படகை மேலே கொண்டுவந்த நேரம் பார்த்து, அதைத் தளத்தின் மேல் உருட்டிவிட்டார்கள். முழங்கால் உயர இரும்புக் கட்டை. அடியில் உடைந்த சிமெண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு நைலான் கயிறு.

“நங்கூரம் நிக்கலன்னு மொதலாளிதான் இத எடுத்துப் போட சொன்னாரு சார்,” கன்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. “டெய்லி நானும் இவனும்தான் கடல்ல எறக்கி ஏத்தறோம். இதே எடத்துல இருந்த கட்டை. அன்னிக்கு கயிறு வீசினதும் நான்தான். கட்டை இல்லன்னு தெரிஞ்சிதான் வீசினேன். என் பேரயும் எழுதிக்கோங்க.”

அதிகாரி குனிந்து, அடிச் சிமெண்டைத் தொட்டுப் பார்த்தான். செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். ஈரமாகக் கிடந்த மட்டத்தையும் எடுத்தான், தொங்குகிற சங்கிலிகளையும் எடுத்தான். இப்போது வாட்ச் பார்க்கவில்லை.

“நாளைலேர்ந்து என் படகுப் பக்கம் காலு வெக்காத,” என்றார் முருகையன்.

“இன்னிக்கே எறங்கிட்டேண்ணா,” என்றான் கன்னியப்பன். அவன் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஞானாம்பாள் அவனை அப்போதுதான் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. சத்யப்ரியா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட, அதில் உட்கார்ந்தாள். அதிகாரி பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் அவனே எழுத ஆரம்பித்தான். எழுதிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான்.

“சம்பவ இடத்தில் இருந்ததற்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. இதுல என்ன போடலாம்? மீன் வாங்க வந்தீங்கன்னு போடட்டுமா?”

“மீன் வாங்கறது அப்பறம் சார். வேலைக்கு வந்தேன். கயிறு புடிக்கற வேலை. அப்டியே போடுங்க.”

“வேலைன்னு போட்டா, யார் கொடுத்த வேலைன்னு மேல கேப்பாங்க.”

“கேக்கட்டும். ஒரு நாளு காலைல வந்து படகு அணையறத பாக்க சொல்லுங்க.”

அவன் எழுதினான். சத்யப்ரியா ஒரு வரி விடாமல் வாங்கிப் படித்து, தலையை ஆட்டினாள். ஞானாம்பாள் நிதானமாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சி என்று கன்னியப்பன் போட்டான். லட்சுமியம்மாள் கேட்காமலே வந்து கட்டைவிரலை நீட்டினாள்.

“கைல கட்டிக்கினவளே,” என்று விரல் மையை ஞானாம்பாள் தோளில் துடைத்துக்கொண்டே சொன்னாள், “கால் சரியாவட்டும், உன்ன வெச்சிக்கறேன்.”

அதிகாரி தாள்களை அடுக்கினான். “ரிப்போர்ட் மேல போவும். ஆர்டர் வரணும். டயர், கட்டை எல்லாம் போட்டு மேல ஓகே சொல்ற வரைக்கும் இப்போதைக்கு கேட் பூட்டியேதான் இருக்கும். எல்லாரும் தயவுசெஞ்சு வெளியே போயிடுங்க.” சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவனுக்கே அது நன்றாக இல்லை என்று தெரிந்தது.

“கேட்டீங்க இல்ல? கெளம்புங்க, கெளம்புங்க.” முருகையனுக்குப் போன உயிர் பாதி திரும்பிவிட்டது. பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றார். அதிகாரியும் போய் அவர் பக்கத்தில் நின்றான்.

பெண்கள் ஒருத்தியும் நகரவில்லை. முகத்துவாரத்தில், பக்கவாட்டில் ஒட்டுப்போட்ட தமிழரசன் படகும் இன்னொன்றும் திரும்பிக்கொண்டிருந்தன. லட்சுமியம்மாள் கூடையைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அடுத்தவளும் வைத்தாள். வரிசை தளத்தின் ஓரம் வரைக்கும் போயிற்று. கன்னியப்பன் பெண்களுக்கு நடுவே போய், ஈரத்தோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

“ஞானம், நீயாச்சும் சொல்லு,” முருகையன் அங்கிருந்தே கத்தினார். “நான் பூட்டப் போறேன்!”

ஞானாம்பாள் பெட்டியில் இருந்தபடியே, உடைந்த காலை நீட்டி வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“பூட்டிக்கோண்ணா,” என்றாள். “நாங்க உள்ளதான் இருக்கோம்.”